டாங்கிக்கு முன்னால் யாரும் நடக்கவில்லை

கயல்,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிற அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேற்று சாயங்காலம் நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று, "கையெழுத்துப் போட்டுடவாப்பா?" என்று கேட்டாய். நான், "பாத்துக்கலாம்மா, மொதல்ல கை கால் கழுவிட்டு வா" என்றேன். நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். வாயால் சொல்ல வந்தால் உன் அம்மா குறுக்கே பேசுவாள், எனக்குக் கோபம் வரும், பேச்சு எங்கெங்கோ போய்விடும். எழுதினால் கடைசி வரைக்கும் போய்ச் சேருவேன். உன் கேள்விக்குப் பதில், போடாதே என்பதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு காகிதம்.

இதை வேறு யார் எடுத்துப் படித்தாலும் புரிய வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையே முதலில் எழுதுகிறேன். சேதராப்பட்டில் நீ சேஃப்டி ஆபீஸராக இருக்கிற தொழிற்சாலையில், தகடு அழுத்துகிற மெஷினில் ஏழுமலை என்கிற ஒப்பந்தத் தொழிலாளியின் வலது கை மாட்டி நான்கு விரல்கள் போய்விட்டன. கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பி வலையை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றிவைத்திருந்தார்கள். அதை மாட்டாமல் மெஷினை ஓட்டக்கூடாது என்று நீ இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தாய். இப்போது மேனேஜர் ஓர் அறிக்கை தயார் பண்ணி உன் முன்னால் வைத்திருக்கிறார். வலை மாட்டித்தான் இருந்ததாம், ஏழுமலைதான் தன்னிஷ்டத்துக்குக் கழற்றினானாம். கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை.

வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று உனக்கே தெரியும். "கல்யாணத்துக்கு இருபத்தாறு நாள்தான் இருக்கு, இப்ப போயி கேசு கோர்ட்டுன்னு பேரு அடிபடணுமா?" என்கிறாள் உன் அம்மா. உன் மாமா ஒரு படி மேலே போய்விட்டான். "பிரெஞ்சு பாஸ்போர்ட்டு வச்சிருக்கிற பொண்ணு. கல்யாணம் முடிஞ்சி ஆறு மாசத்துல ரெண்டு பேரும் பாரிஸ் போயிடப் போறாங்க. அப்புறம் ஏழுமலை யாரு, இவ யாரு? போட்டுட்டுப் போவட்டும் மாமா" என்று என்னிடமே சொன்னான். தூரமாகப் போய்விட்டால் செய்தது விட்டுப்போகும் என்று அவன் நினைக்கிறான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் முப்பது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்றைக்கு எழுதுகிறேன். உன் அம்மாவுக்கும் தெரியாது.

முன்னறையில் மாட்டியிருக்கிற போட்டோவை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். மணல் நிறத்தில் பெயின்ட் அடித்த டாங்கி, அதற்கு முன்னால் நான்கு பேர், ஓரத்தில் ஒல்லியாகச் சிரித்துக்கொண்டு நான். வருகிறவர்களுக்கெல்லாம் "எங்க வீட்டுக்காரரு வளைகுடாச் சண்டையில இருந்தாரு" என்று உன் அம்மா பெருமையாகக் காட்டுவாள். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி கடற்கரைச் சாலையில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்ம ஊர் பழைய சொல்தாக்கள் எல்லாம் மெடல் குத்திக்கொண்டு நடக்கும்போது நான் மட்டும் ஏன் போவதில்லை என்று நீ சின்ன வயதில் கேட்டாய். முழங்கால் வலி என்றேன். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

குருசுக்குப்பத்தில் வலை இழுத்த குடும்பம் நம்முடையது. என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்திருந்ததால் எனக்கும் அந்த வழி திறந்தது. பத்தொன்பது வயதில் சேர்ந்தேன். டாங்கி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இருபத்திரண்டு வயதில், ஈராக்கோடு சண்டை வரப்போகிறது என்ற அந்தக் குளிர்காலத்தில், கப்பலில் டாங்கிகளை ஏற்றிக்கொண்டு செங்கடல் துறைமுகம் ஒன்றில் போய் இறங்கினோம். பல இடங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி அமைத்த ரெஜிமென்ட் அது. என் டாங்கியில் இருந்த மற்ற மூன்று பேரையும் நான் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. மேலே நின்று கட்டளை கொடுப்பவர் மொரேல், நாற்பது வயது. பீரங்கியைக் குறிபார்ப்பவன் பஸ்கால். குண்டு போடுபவன் திதியே, என்னைவிட ஒரு வயது சின்னவன். நான் டிரைவர். என் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை, அதனால் ஊர்ப் பெயரைச் சுருக்கிப் 'பொந்தி' என்று கூப்பிட்டார்கள்.

பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்துத்தான் போனேன். குளிர் எலும்பைப் பிடித்தது. மழையும் பெய்தது, நீ நம்பமாட்டாய், மணல் சேறாகிச் சக்கரப் பட்டையில் அப்பிக்கொண்டது. அங்கிருந்து வடக்கே எல்லையை நோக்கிப் பல நாள் பயணம். போய்ச் சேர்ந்த பிறகு சண்டை எதுவும் இல்லை, காத்திருப்பதுதான் வேலை. தினமும் இரண்டு தடவை எஞ்சினின் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டுவோம், கை நிறைய மாவு போல மணல் கொட்டும். ரொட்டியில் மணல், பல்லில் மணல். விஷவாயு வருகிறது என்று முதல் தடவை சங்கு ஊதியபோது முகமூடியை மாட்டிக்கொண்டு டாங்கிக்குள் உட்கார்ந்திருந்தோம். என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அரை மணி கழித்து ஒன்றுமில்லை என்றார்கள். திதியே முகமூடியைக் கழற்றினான், உள்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. யாரும் கேலி பண்ணவில்லை. மொரேல் தன் மனைவி அனுப்பியிருந்த சாக்லேட்டை உடைத்து முதல் துண்டை அவனிடம் நீட்டினார். மொரேல் கெட்ட மனிதர் இல்லை, கயல். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்க எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உன் மேனேஜரும் நல்லவராகவே இருக்கலாம். நல்லவர் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

டாங்கி டிரைவர் முகப்பில் ஒரு பள்ளத்துக்குள் படுத்தாற்போல உட்கார்ந்திருப்பான். வண்டியின் மூக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. மேலே நிற்பவருக்கும் சரியாகத் தெரியாது. முகாமுக்குள்ளோ ஆட்கள் களைத்துப்போய் எங்கே வேண்டுமானாலும் மணலில் படுத்துக் கிடப்பார்கள். அதனால், முகாமுக்குள் டாங்கி பத்தடி நகர்ந்தாலும் ஒருவர் இறங்கி முன்னால் நடக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. அவர் கை காட்டினால்தான் வண்டி நகர வேண்டும். மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், மணற்காற்று கிளம்பியது. எதிரே நிற்கிற வண்டிகூட மங்கலாகத்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து எல்லா டாங்கிகளும் வேறு வரிசைக்கு மாற வேண்டும் என்று ரேடியோவில் உத்தரவு. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள், நாங்கள் பின்தங்கிவிட்டோம். அன்றைக்கு முன்னால் நடக்க வேண்டியவன் திதியே. அவன் இறங்கப் போனான்.

"நீ ஏறு, நேரமில்ல. எனக்கு மேலேர்ந்து தெரியுது" என்றார் மொரேல்.

நான் காதில் மாட்டியிருந்த கருவியில் பேசினேன். "முன்னால ஆள் வேணுமே."

"தெரியுதுன்னு சொல்றேன்ல. போ, பொந்தி."

போனேன். என் காலால்தான் அழுத்தினேன். அதில் எந்தச் சந்தேகமும் உனக்கு வேண்டாம். அவர் சொன்னார், நான் அழுத்தினேன். முப்பது கெஜம்கூடப் போயிருக்க மாட்டோம். மேலே மொரேல் கத்தினார். நிறுத்தினேன். டாங்கிக்குள் இருந்த எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, சின்னக் குலுக்கல்கூட இல்லை. இறங்கிப் பார்த்தபோது, தண்ணீர் லாரி ஓட்டுகிற லூக் என்ற பையன் ஒரு மணல்மேட்டின் மறைவில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான், இடது கால் பட்டையின் அடியில். அவன் கத்தவில்லை. "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். மணல் பொலபொலவென்று இளகியிருந்ததால் உயிர் தப்பியது. கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அன்று சாயங்காலமே மொரேல் காகிதம் எழுதிவிட்டார். திதியே முன்னால் நடந்தான், லூக் படுக்கக்கூடாத இடத்தில் போர்வைக்குள் படுத்திருந்தான், காற்றில் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் மூவர் முன்னாலும் வைத்தார். "இன்னும் சில நாள்ல சண்டை ஆரம்பிச்சிடும். உண்மைய எழுதினா நம்ம நாலு பேரையும் பிரிச்சி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அந்தப் பையனுக்குக் கால் திரும்ப வரப்போறதில்ல" என்றார். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை மாதிரிதான் இருந்தது. பஸ்கால் உடனே போட்டான். திதியே என்னைப் பார்த்தான். நான் போட்டேன். நான் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் போட்டான். இந்த வரியை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன்.

ஐந்து நாள் கழித்துக் கண்ணில் மணல் போய் வீங்கிவிட்டது என்று கூடார ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே லூக் கட்டிலில் கிடந்தான், விமானத்துக்குக் காத்திருந்தான். வேறு பக்கம் திரும்பி நடந்திருக்கலாம். ஏனோ முடியவில்லை. பக்கத்தில் போய், நான்தான் அந்த டிரைவர் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் படுக்கக்கூடாத எடத்துல படுத்துட்டேன்னு சொன்னாங்க. எனக்கு அது ஞாபகமே இல்ல. உங்களுக்குத்தான் கஷ்டம் குடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல" என்றேன். ஒரு காலை எடுத்தவன், அதற்காக மன்னிப்பும் வாங்கிக்கொண்டு, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே கேவலமான வார்த்தை அதுதான். காலை நசுக்கினது தெரியாமல் செய்தது. இது தெரிந்து சொன்னது.

மறுநாள் காலை எங்கள் பிரிவின் கேப்டன் கூடாரத்துக்குப் போனேன். அவர் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார், பாதி முகத்தில் சோப்பு. அந்தக் காகிதம் பொய் என்றேன். முன்னால் யாரும் நடக்கவில்லை, அது தெரிந்துதான் ஓட்டினேன் என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அஞ்சு நாளா எங்க போயிருந்த?"

"பயமா இருந்துச்சி, கேப்டன்."

"இப்ப?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு. அவன் என்கிட்ட மன்னிப்பு கேட்டான்."

அவர் துண்டால் சோப்பைத் துடைத்துக்கொண்டார். "சண்டைக்குப் போற நேரத்துல ஒரு வண்டியோட ஆளுங்கள ஒடைக்கிற. ஒன்ன அதுலேர்ந்து எறக்கித்தான் ஆவணும். தெரியுமா?"

"தெரியும். இருந்தாலும் அந்தக் காகிதம் பொய்."

அவர் நேர்மையான மனிதர். எல்லாவற்றையும் புதிதாக எழுதவைத்தார். நான் முதலில் கையெழுத்துப் போட்டேன். அன்று மத்தியானமே திதியே தானாக வந்து போட்டான். பஸ்கால் போடவில்லை. மொரேலைத் திருப்பி அனுப்பினார்கள். கிளம்பும்போது அவர் என்னிடம், "ஒனக்கு எஞ்சின் சொல்லிக்குடுத்தது என் தப்பு" என்றார். வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. என்னை டாங்கியிலிருந்து இறக்கி டீசல் லாரியில் போட்டார்கள். எல்லையைத் தாண்டி ரெஜிமென்ட் உள்ளே போனபோது நான் பின்னால் டீசலோடு போனேன். என் டாங்கி என் லாரியிடமே வந்து நிரப்பிக்கொண்டது. புது டிரைவர் தலையாட்டினான். பஸ்கால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லூக்கிடமிருந்து ஒரு வரி வரவில்லை. திருத்திய காகிதம் அவன் கைக்குப் போனதா என்றுகூட எனக்குத் தெரியாது. ஏழுமலையும் உனக்கு நன்றி சொல்லாமல் போகலாம். அவன் கோபத்தில் உன்னையும் சேர்த்துத் திட்டலாம். அதற்காகவா செய்கிறோம்?

ஒப்பந்தம் முடிந்ததும் நான் நீட்டிக்கவில்லை, ஊருக்கு வந்துவிட்டேன். நம்ம ஊர்ச் சொல்தாக்கள் சில பேருக்கு விஷயம் அரைகுறையாக வந்து சேர்ந்தது. "சண்டைக்குப் பயந்து எண்ணெ வண்டி ஓட்டினவன்" என்று டீக்கடையில் பேசினார்கள். நான் மறுக்கவில்லை. விளக்கம் சொல்லப் போனால் லூக்கின் காலையும் சொல்ல வேண்டும், என் முதல் கையெழுத்தையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஸ்கூல் பஸ் ஓட்டப் போனேன். தினமும் பஸ்ஸை எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து, நாலு சக்கரத்துக்கும் குனிந்து பார்ப்பேன். "சாமி வலம் வந்தாச்சா?" என்று நீயும் அம்மாவும் சிரிப்பீர்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையின் மேல் சின்னக் கீறல்கூட விழுந்ததில்லை.

இதையெல்லாம் செய்தவன் உனக்கு என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நேற்று என்னைப் பார்த்த மாதிரி நீ முன்பு ஒரு தடவை பார்த்தாய் அல்லவா, ஒன்பதாம் வகுப்பில்? ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் உடைந்தன, உன் சிநேகிதி ஷமீம்தான் உடைத்தாள் என்று டீச்சர் சொன்னார். ஷமீம் அப்போது உன்னோடு வெளியே நின்றிருந்தாள் என்று நீ சொன்னாய். டீச்சரைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய் என்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார், மன்னிப்புக் கடிதம் கேட்டார். உன் இடம் போய்விடுமோ என்று பயந்து, "எழுதிக் குடுத்துடும்மா, ஒரு காயிதம்தான?" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய், பிறகு எழுதினாய். வீட்டுக்கு வரும்போது ஸ்கூட்டரில் என் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அந்த வருஷமே ஷமீம் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். கேப்டன் முன்னால் நின்றவன் ஒரு தலைமையாசிரியர் முன்னால் நிற்கவில்லை. ஒரு தடவை தைரியமாக இருந்தவன் எப்போதும் தைரியமாக இருப்பான் என்பது சும்மா. ஒவ்வொரு காகிதத்துக்கும் புதிதாகத்தான் முடிவு பண்ண வேண்டியிருக்கிறது. அன்றைக்கு உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இன்றைக்குக் கேட்கிறேன். பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

இன்று காலை ஒரு வேலை செய்தேன். முத்தியால்பேட்டைக்குப் போய் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். பிறகு சொன்னேன்: "எம் பொண்ணு அந்த அறிக்கையில கையெழுத்துப் போடமாட்டா. வேல போனாலும் போவும், பேரு பேப்பர்ல வந்தாலும் வரும். கல்யாணத்த தள்ளி வைக்கணும்னு தோணினா இப்பவே சொல்லிடுங்க."

அவர் பதறிவிட்டார். "என்ன சம்பந்தி, நாலு வார்த்த எழுதின காயிதம். அதுக்குப் போயி கல்யாணத்த பணயம் வெக்கிறீங்களே?"

"நாலு வார்த்ததான். நாலு வெரல் போயிருக்கு."

"பொண்ணுகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றீங்களா?"

நான் உன்னைக் கேட்கவில்லையே. "அவ ஏற்கெனவே ரெண்டு தடவ எழுதிக் குடுத்துட்டா. அதான் அவ பேச்சு" என்றேன். பையனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இதை எழுதும் வரை போன் வரவில்லை. வராமலே போனாலும் எனக்கு வருத்தமில்லை. மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், கல்யாணப் பத்திரிகையைக் கிழித்துவிடலாம். உன் அம்மா ஒரு மாசம் என்னோடு பேசமாட்டாள், அதையும் பார்த்துக்கொள்கிறேன். நீ வேறு மாதிரி முடிவெடுத்தால் அது உன் கை, உன் பேனா. ஆனால் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், அதனால் போட்டேன் என்று மட்டும் நீ சொல்ல முடியாது. இந்த வீட்டில் ஒருவன் போடாதே என்று எழுதிவைத்திருக்கிறான்.

இந்தக் கடிதத்தை மடித்து உன் பையில் வைக்கப்போவதில்லை. சாப்பாட்டு மேசையில் விரித்தே வைக்கிறேன். உன் அம்மா முதலில் படிப்பாள், படிக்கட்டும். உன் மாமா படிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் அவர்களும் படிக்கட்டும். டீக்கடையில் பேசினவர்களுக்கு வேண்டுமானால் நகல் எடுத்துக் கொடுக்கிறேன்.

திங்கட்கிழமை ஒரு நாள் லீவு சொல்லிவிட்டேன். சேதராப்பட்டுக்கு உன்னோடு வருகிறேன். என்னை உள்ளே விடமாட்டார்கள், தெரியும். கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ வெளியே வரும்போது உனக்கு வேலை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எப்படி வந்தாலும் நான் அங்கேதான் இருப்பேன். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம்.

அப்பா